அறைகள் கோப்பில், விதிகள் நிரலில்: உரைவழிச் சாகச விளையாட்டைக் கட்டமைப்பது எப்படி?

உரைவழிச் சாகச விளையாட்டை முதன்முதலாக எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். ஓர் அறைக்கு ஒரு ஃபங்ஷன். 'திண்ணை' என்ற ஃபங்ஷன் திண்ணையை வர்ணிக்கும். ஆட்டக்காரர் தட்டச்சு செய்வதை வாங்கும். அவர் "உள்ளே போ" என்றால் 'ரேழி' என்ற ஃபங்ஷனை அழைக்கும். ரேழியில் "வெளியே போ" என்றால் அது மறுபடி திண்ணையை அழைக்கும். மூன்று அறை வரை அழகாக ஓடும். நண்பர்களுக்குக் காட்டிப் பாராட்டும் வாங்கலாம்.

கோளாறு என்னவென்றால், திண்ணை ஃபங்ஷன் இன்னும் முடியவே இல்லை. அது ரேழியை அழைத்துவிட்டுக் காத்திருக்கிறது. ரேழியோ இரண்டாவது தடவையாகத் திண்ணையை அழைத்துவிட்டுக் காத்திருக்கிறது. இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக அழைப்பதற்குப் பைத்தான் இயல்பாக வைத்திருக்கும் வரம்பு 1000. திண்ணைக்கும் ரேழிக்கும் நடையாய் நடக்கிற ஆட்டக்காரர் அந்த எண்ணிக்கையை நெருங்கும்போது 'ரிகர்ஷன் எரர்' என்று விளையாட்டு நின்றுவிடும். ஆயிரம் நடை யார் நடக்கப்போகிறார்கள் என்று இதைத் தள்ளிவிடலாம். அடுத்த கோளாறைத் தள்ள முடியாது: ஆட்டத்தைப் பாதியில் சேமிக்க வழியே இல்லை. ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார் என்ற தகவல் எந்த மாறியிலும் இல்லை. எந்த ஃபங்ஷன் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் அது ஒளிந்திருக்கிறது. அதைக் கோப்பில் எழுதுவது எப்படி?

வேடிக்கை என்னவென்றால், இந்த வகை விளையாட்டை முதலில் எழுதியவர் இந்தக் குழியில் விழவே இல்லை.

வில் க்ரௌதர், அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தவர். குகைகளுக்குள் நுழைந்து வரைபடம் போடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. கென்டக்கியின் மாமத் குகைத் தொகுதியில் தான் பார்த்த பகுதிகளை வைத்து, 1975–76 வாக்கில் பிடிபி-10 கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் அவர் எழுதியதுதான் 'அட்வெஞ்சர்'. 'கொலாசல் கேவ்' என்றும் சொல்வார்கள். ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் 1977-இல் அதை விரிவாக்கி, 350 மதிப்பெண் கொண்ட விளையாட்டாக உலவவிட்டார். க்ரௌதரின் மூல நிரல் வெகுகாலம் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. 2005-இல் வுட்ஸின் பழைய கணக்கின் பேக்கப்பிலிருந்து அது கிடைத்தபோது இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றில் நிரல், மற்றதில் தரவு. குகையின் அறைகள், வழிகள், சொற்கள் எல்லாம் அந்த இரண்டாவது கோப்பில் எண்களும் வாக்கியங்களுமாக இருந்தன.

வுட்ஸின் பதிப்பில் வழிகளைச் சொல்லும் அட்டவணையைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்பது நல்லது. இந்த அத்தியாயம் சொல்லவருவதில் பாதி அங்கேயே இருக்கிறது. அதில் ஒரு வரி இது:

3 11 62

3-ஆம் அறையில் நிற்கும் ஆட்டக்காரர் 62-ஆம் சொல்லைச் சொன்னால் 11-ஆம் அறைக்குப் போவார். அவ்வளவுதான். 3 என்பது ஆற்றோரச் செங்கல் கட்டடத்தின் உள்புறம். 11 என்பது குகைக்குள் இடிபாடுகள் கிடக்கும் அறை. 62 என்பது எக்ஸ்-ஒய்-இசட்-இசட்-ஒய் என்ற மந்திரச் சொல். கணினி விளையாட்டு வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற மந்திரம் ஆளைக் கடத்துவதற்கு நிரலில் ஒரு வரிகூடத் தனியாக எழுதப்படவில்லை. வடக்கே போவதற்கும் மந்திரம் போட்டுப் பறப்பதற்கும் ஒரே இயந்திரம்தான்.

இன்னொரு வரி இதைவிடச் சுவையானது. மூடுபனி மண்டபம் 15-ஆம் அறை. அங்கிருந்து மேலே ஏறும் சொல்லின் எண் 29. அந்த வரியில் போகுமிடமாக 150022 என்று போட்டிருக்கும். அதை ஆயிரத்தால் வகுத்தால் ஈவு 150, மீதி 22. ஈவு 100-க்கு மேல் 200 வரை இருந்தால், அதிலிருந்து நூறைக் கழித்து வரும் எண்ணுள்ள பொருள் கையில் இருக்க வேண்டும் என்று அர்த்தம். 50-ஆம் பொருள் தங்கக் கட்டி. கட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறப் பார்த்தால், ஏற முடியாது என்று சொல்லும் 22-ஆம் இடத்துக்குப் போய் முட்டிக்கொள்வார் ஆட்டக்காரர். கட்டி கையில் இல்லாவிட்டால் அடுத்த வரி வேலைசெய்து அவரை 14-ஆம் அறைக்கு ஏற்றிவிடும். கனமான பொருளோடு படியேற முடியாது என்ற புதிரும் தரவிலேயே முடிந்துவிட்டது.

எல்லாவற்றையும் அட்டவணைக்குள் அடக்க முடியாது என்பதும் வுட்ஸுக்குத் தெரிந்திருந்தது. போகுமிட எண் 300-ஐத் தாண்டி 500 வரை இருந்தால், நிரல் அட்டவணையை விட்டுவிட்டு அந்த எண்ணுக்கென்று எழுதப்பட்ட தனிப் பகுதிக்குத் தாவும். 500-க்கு மேல் என்றால் ஒரு செய்தியை மட்டும் காட்டும். 140 இடங்கள் கொண்ட அந்தக் குகையில் தனிப் பகுதி தேவைப்பட்டது மூன்றே வழிகளுக்கு: மரகதத்தைத் தவிர வேறெதையும் கொண்டு நுழைய முடியாத ஒரு குறுகல் பாதை, அந்த மரகதத்தைக் கீழே போடவைத்துக் கடத்தும் ஒரு மந்திரம், பூதம் காவல் காக்கும் பாலம். மற்றதெல்லாம் வெறும் எண்கள்.

நல்ல கட்டமைப்பு என்பது விதிவிலக்கே இல்லாத நிரல் அன்று. விதிவிலக்குகள் எத்தனை, எங்கே இருக்கின்றன என்று விரல்விட்டு எண்ண முடிகிற நிரல்தான் அது.

வியாபாரத்திலும் இந்தப் பிரிப்பு எடுபட்டது. ஸ்காட் ஆடம்ஸ் 1978-இல் 'அட்வெஞ்சர்லேண்ட்' விளையாட்டை 16 கிலோபைட் நினைவகம் கொண்ட டிஆர்எஸ்-80 கணினிக்குள் அடக்கியபோது, ஓட்டும் நிரல் ஒன்று, விளையாட்டுத் தரவு வேறொன்று என்று பிரித்தார். அடுத்தடுத்த விளையாட்டுகளுக்குத் தரவை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. எம்.ஐ.டி.யில் எழுதப்பட்ட 'ஜோர்க்'கை விற்ற, 1979-இல் தொடங்கப்பட்ட இன்ஃபோகாம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 'இசட் மெஷின்' என்ற கற்பனைக் கணினியை வடிவமைத்து, தங்கள் உரைவழி விளையாட்டுகளை அதற்கே எழுதினார்கள். சந்தைக்குப் புதுக் கணினி வந்தால், அதில் இசட் மெஷினைப் போலச் செய்யும் சிறு நிரல் ஒன்றை எழுதினால் தீர்ந்தது. கையிருப்பிலுள்ள விளையாட்டுகள் அனைத்தும் அதில் ஓடிவிடும். அந்தக் கோப்புகள் இன்றைக்குக் கைப்பேசியிலும் ஓடுகின்றன.

இனி ஒரு சிறு விளையாட்டைக் கட்டிப் பார்க்கலாம். களம் ஒரு பழைய வீடு: திண்ணை, ரேழி, முற்றம், கொல்லை, கிணற்றடி, பூட்டிய ஓர் அறை. மொழி பைத்தான். ஆட்டக்காரர் தமிழில் தட்டச்சு செய்வார். அறைகளும் பொருள்களும் யாமல் என்ற வடிவிலான உரைக்கோப்பில் இருக்கும். ஜேசனும் ஆகும், ஆனால் பத்தி பத்தியாக வர்ணனை எழுதுகிறவருக்கு ஜேசனின் மேற்கோள் குறிகளும் காற்புள்ளிகளும் தீராத தொல்லை. 'அட்வெஞ்சர்' விளையாட்டையே எரிக் ரேமண்ட் 2017-இல் அதன் ஆசிரியர்களின் அனுமதியோடு திறமூலமாக வெளியிட்டபோது, பழைய எண் அட்டவணைகளெல்லாம் யாமலுக்குத்தான் மாற்றப்பட்டன.

கொல்லை:
  தலைப்பு: கொல்லைப்புறம்
  முழு விவரம்: துவைகல்லும் ஒரு முருங்கை மரமும். கிழக்கே கிணறு தெரிகிறது.
  சுருக்கம்: கொல்லையில் நிற்கிறீர்கள்.
  வழிகள்:
    - திசை: கிழக்கு
      போகுமிடம்: கிணற்றடி
    - திசை: மேற்கு
      தடை: கையில் ஏணி
      மறுப்பு: ஏணியோடு அந்தக் குறுகல் வாசலில் நுழைய முடியாது.
    - திசை: மேற்கு
      போகுமிடம்: முற்றம்

மேற்கு இரண்டு முறை வருவது தட்டச்சுப் பிழை அன்று. தங்கக் கட்டியின் உத்திதான் இங்கே ஏணியாக வந்திருக்கிறது: மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் வரியை எடுத்துக்கொள்ள வேண்டும். தடைகளை மூன்று நான்கு வகையோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்: பொருள் கையில் இருக்கிறது, கையில் இல்லை, ஒரு கொடி (ஆம், இல்லை என்ற குறிப்பு) ஏற்றப்பட்டிருக்கிறது, நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு. அதற்கு மேல் 'மற்றும்', 'அல்லது', அடைப்புக்குறி என்று ஆசைப்பட்டால் யாமலுக்குள் இன்னொரு நிரல்மொழி முளைத்துவிடும். அதற்குப் பிழை திருத்தும் கருவியும் கிடையாது. அப்படிப்பட்ட சிக்கல் வந்தால் தரவில் 'சிறப்பு: ஏணிப்புதிர்' என்று ஒரு பெயரை மட்டும் போட்டுவிட்டு, அந்தப் பெயருக்குரிய ஃபங்ஷனைப் பைத்தானில் எழுதிவிடலாம். வுட்ஸின் 300-க்கு மேற்பட்ட எண்கள் செய்ததும் இதுவே.

சில்லறை விஷயங்கள் இரண்டு. வர்ணனைக்குள் முக்காற்புள்ளியும் அதையடுத்து ஓர் இடைவெளியும் வந்தால் யாமல் குழம்பும். அந்த வரியை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் குப்பையாக வரக்கூடும்.

கோப்பைப் படித்த கையோடு அதைச் சோதிக்கவும் வேண்டும். ஒவ்வொரு போகுமிடமும் உண்மையில் இருக்கும் அறையா, ஒவ்வொரு பொருளின் தொடக்க இடமும் சரியா, எந்த வழியிலும் போய்ச் சேர முடியாத அறை ஏதும் உண்டா என்று பார்க்கும் பத்துப் பதினைந்து வரிகள் போதும். 'கிணற்றடி' என்பதை 'கினற்றடி' என்று அடித்துவிட்டால் அது விளையாட்டு தொடங்கும்போதே தெரிய வேண்டும். கிழக்கே போன ஆட்டக்காரரைக் கொண்டு தெரிந்துகொள்ளக் கூடாது.

அடுத்தது நிலை. தரவுக் கோப்பில் இருப்பவை மாறாதவை. ஆட்டத்தின்போது மாறுகிறவை எல்லாம் ஒரே இடத்தில், 'நிலை' என்ற ஒற்றைப் பொருளுக்குள் இருக்க வேண்டும்: ஆட்டக்காரர் நிற்குமிடம், ஒவ்வொரு பொருளும் இருக்குமிடம், எத்தனையாவது சுற்று என்ற கணக்கு, மதிப்பெண், ஏற்றப்பட்ட கொடிகள், போய்வந்த அறைகள். இதைச் செய்துவிட்டால், தொடக்கத்தில் முடியாமல் போன சேமிப்பு, ஜேசனாக மாற்றிக் கோப்பில் எழுதும் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும். (பைத்தானின் ஜேசன் நூலகம் தமிழ் எழுத்துகளை இயல்பாக எண் குறியீடுகளாக்கிவிடும், கண்ணால் படிக்க வேண்டுமென்றால் ஆஸ்கி கட்டாயத்தை அணைத்துவிட வேண்டும்.)

இங்கே பலரும் செய்யும் ஒரு தவறு உண்டு. அறைக்குள் ஒரு பொருள் பட்டியல், ஆட்டக்காரரின் கையில் ஒரு பட்டியல், பெட்டிக்குள் இன்னொரு பட்டியல் என்று வைத்துக்கொள்வார்கள். விளக்கை எடுக்கும்போது ஒரு பட்டியலிலிருந்து நீக்கி, மற்றொன்றில் சேர்க்க வேண்டும். எங்கோ ஓரிடத்தில் நீக்க மறந்தால் வீட்டில் இரண்டு விளக்குகள். சேர்க்க மறந்தால் ஒன்றுமே இல்லை. இதைவிட, ஒவ்வொரு பொருளும் தான் எங்கே இருக்கிறது என்பதைத் தானே வைத்திருப்பது நல்லது. விளக்கின் இடம்: முற்றம். எடுத்தால் விளக்கின் இடம்: ஆட்டக்காரர். பெட்டியில் வைத்தால் விளக்கின் இடம்: பெட்டி. ஒரே ஒரு மதிப்பு மாறுகிறது; ஒரு பொருள் ஒரே நேரத்தில் ஈரிடத்தில் இருக்கவே முடியாது. முற்றத்தில் என்னென்ன கிடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் எல்லாப் பொருள்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். ஐம்பது பொருளுக்கு அது ஒரு சுமையே அல்ல. இசட் மெஷினும் உலகத்தை இப்படியொரு மரமாகத்தான் வைத்திருந்தது. அறை, பெட்டி, ஆள், விளக்கு எல்லாமே அதில் 'பொருள்'தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாய்ப் பொருள். தொடக்கப் பதிப்புகளில் ஒரு விளையாட்டுக்கு அதிகபட்சம் 255 பொருள்கள். அதற்குள்தான் 'ஜோர்க்'கின் முதல் மூன்று பாகங்களும் எழுதப்பட்டன.

இனி வருவது தமிழில் எழுதுகிறவருக்கே உரிய பகுதி. ஆங்கிலப் பயிற்சி நூல்கள் இங்கே உதவா. நிதானமாகப் பார்க்க வேண்டியதும் இதுதான்.

'அட்வெஞ்சர்' இரண்டு சொற்களை மட்டுமே புரிந்துகொள்ளும். அவற்றிலும் முதல் ஐந்து எழுத்துகளைத்தான் பார்க்கும். பிடிபி-10 கணினியின் ஒரு சொல்லிடத்தில் 36 பிட்டுகள். ஓர் எழுத்துக்கு ஏழு பிட்டு வீதம் ஐந்து எழுத்துதான் அடங்கும். ஒப்பிடுவதற்கு ஒரே கட்டளை போதும் என்ற வசதிக்காக வந்த வரம்பு அது. முழு வாக்கியம் புரியும் என்பது பிறகு வந்த 'ஜோர்க்'கின் பெருமை. அதற்காக அதன் நிரல் ஆங்கில முன்னிடைச் சொற்களோடும் சொல்வரிசையோடும் மல்லுக்கட்டியது. தமிழில் கதை வேறு. வினை கடைசியில் வரும். யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதை வேற்றுமை உருபே சொல்லிவிடும். "சாவியால் கதவைத் திற" என்றாலும் "கதவைச் சாவியால் திற" என்றாலும் திறக்கப்படுவது கதவு, கருவி சாவி. சொல்வரிசையைப் பற்றி நிரல் கவலைப்பட வேண்டியதே இல்லை.

ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் மூன்று கண்ணிகள்.

முதலாவது யூனிகோடு. 'கொல்லை' என்பதன் முதல் எழுத்தை இரண்டு விதமாகக் குறியிடலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக வரலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாக வரலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கணினிக்கோ ஒன்றில் ஆறு குறிகள், மற்றொன்றில் ஏழு. ஆகவே வெவ்வேறு சொற்கள். தட்டச்சு செய்த வாக்கியம், தரவுக் கோப்பு இரண்டையும் படித்தவுடன் என்எஃப்சி என்ற சீர்வடிவுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தகராறு தீரும். பைத்தானுடன் வரும் யூனிகோடு நூலகத்தில் அதற்கான ஃபங்ஷன் இருக்கிறது.

இரண்டாவது, சொற்களைப் பிரிப்பது. பைத்தானின் ரெகெக்ஸ் நூலகத்தில் 'சொல்லில் வரும் எழுத்து' என்று ஒரு குறி உண்டு. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகவே ஏற்பதில்லை. 'விளக்கு' துண்டு துண்டாகச் சிதறும். வாக்கியத்தை இடைவெளியில் மட்டும் பிரித்து, ஓரங்களில் ஒட்டியிருக்கும் நிறுத்தக்குறிகளைத் துடைத்துவிடுவதே பத்திரம்.

மூன்றாவது, ஒற்று. "கதவைத் திற" என்பதில் தகர ஒற்று கதவுக்குச் சொந்தமில்லை. ஒரு சொல் க், ச், த், ப் ஆகியவற்றில் ஒன்றில் முடிந்து, அடுத்த சொல் அதே எழுத்தின் வரிசையில் தொடங்கினால் அந்த ஒற்றை நீக்கிவிடலாம். கைப்பேசியில் அடிக்கிற பலர் ஒற்றே போடுவதில்லை. அவர்களுக்கும் கதவு திறக்க வேண்டும். விளையாட்டு இலக்கணத் தேர்வாகிவிடக் கூடாது.

பிறகு உருபுகள். முப்பது நாற்பது பெயர்ச்சொற்களுக்காக முழு உருபனியல் ஆய்வியை இழுத்து வருவது வீண் வேலை. பொருளின் தரவிலேயே ஓர் 'அடி' எழுதிவைத்தால் போதும். கிணறு என்பதற்குக் 'கிணற்ற்', மரம் என்பதற்கு 'மரத்த்', சாவி என்பதற்குச் 'சாவிய்', விளக்கு என்பதற்கு 'விளக்க்'. உச்சரிக்க முடியாத வடிவங்கள்தான். ஆனால் கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு ஐகாரக் குறியைச் சேர்த்தால் கிணற்றை, மரத்தை, சாவியை, விளக்கை. அதேபோல இகரக் குறியோடு 'ல்' சேர்த்தால் கிணற்றில், ஆகாரக் குறியோடு 'ல்' சேர்த்தால் சாவியால். நான்காம் வேற்றுமை இந்த வாய்பாட்டுக்கு அடங்காது. 'சாவிக்கு', 'கிணற்றுக்கு' என்று அதை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளலாம். விளையாட்டு தொடங்கும்போதே எல்லா வடிவங்களையும் உருவாக்கி ஓர் அகராதியில் போட்டுவிட்டால், ஆட்டக்காரர் அடித்த சொல்லை அதில் தேடுவது மட்டும்தான் மிச்சம். அகராதி தரும் விடையில் பொருளின் பெயரும் வேற்றுமையும் சேர்ந்தே வரும்.

வினைச்சொற்களுக்கு இணைச்சொற்களைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். 'எடு', 'எடுங்க', 'எடுத்துக்கொள்', 'எடுத்துக்கோ' எல்லாம் ஒன்றே. 'வடக்கு' என்று மொட்டையாக அடித்தாலும் 'வடக்கே போ' என்றே கொள்ள வேண்டும். 'அதை' என்றால் கடைசியாகப் பேச்சில் வந்த பொருள். இரண்டு சாவிகள் இருக்கும்போது "சாவியை எடு" என்றால், "எந்தச் சாவி? பித்தளைச் சாவியா, இரும்புச் சாவியா?" என்று கேட்டுவிட்டு, அடுத்து வரும் 'இரும்பு' என்ற ஒற்றைச் சொல்லை முந்தைய வாக்கியத்தோடு பொருத்த வேண்டும். இந்த நினைவு வாக்கியத்தைப் படிக்கும் பகுதிக்கு உரியது. உலகத்தின் நிலையோடு அதைக் கலக்கக் கூடாது. கலந்தால், பாதிக் கேள்வியில் சேமித்த ஆட்டம் மறுநாள் திறந்தவுடன் "பித்தளையா, இரும்பா?" என்று கேட்டு விழிக்கவைக்கும்.

இத்தனை பாடும் முடிந்தபின் வெளியே வருவது சின்னஞ்சிறு விடை: வினை 'திற', செயப்படுபொருள் 'கதவு', கருவி 'சாவி'. விதிகள் எழுதும் பகுதிக்கு இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் தெரியக் கூடாது. ஆட்டக்காரர் என்ன சொற்களால் கேட்டார், ஒற்றுப் போட்டாரா என்பதெல்லாம் அங்கே எட்டவே கூடாது. நாளைக்கே இதே விளையாட்டைப் பொத்தான் அழுத்தி ஆடும்படி மாற்றினால், பொத்தானும் இதே மூன்றைக் கொடுத்தால் போதும். விதிகளில் ஒரு வரியும் மாறாது.

விதிகளுக்கு வந்தால், வினைக்கு ஒரு ஃபங்ஷன் என்பதே இயல்பான பிரிவு. 'எடு' என்ற சொல்லை 'எடு' ஃபங்ஷனோடு இணைக்கும் ஓர் அட்டவணை இருந்தால், நீளமான 'இஃப்' ஏணி தேவைப்படாது. ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள்ளும் மூன்று கட்டங்களைத் தனித்தனியாக வைப்பது பின்னால் கைகொடுக்கும்: சோதி, செய், சொல். பொருள் எட்டும் தூரத்தில் இருக்கிறதா, தூக்க முடியுமா என்று முதலில் சோதனை, பிறகு நிலையில் மாற்றம், கடைசியில் செய்தி. கிரஹாம் நெல்சன் உருவாக்கிய 'இன்ஃபார்ம் 7' மொழி, 2006-இல் வெளிவந்ததிலிருந்து, செயல்களை ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறது. "எல்லாவற்றையும் எடு" என்று ஆட்டக்காரர் சொல்லும்போது இதன் அருமை தெரியும். சோதனையும் செயலும் பொருள்தோறும் நடக்க வேண்டும். செய்தி மட்டும் ஒரே வரியில் வர வேண்டும்.

விதிவிலக்குகள் புகுவதும் இங்கேதான். "குடத்தைக் கிணற்றில் போடு" என்கிறார் ஆட்டக்காரர். குடத்தில் கயிறு கட்டியிருந்தால் தண்ணீர் வரும்; இல்லாவிட்டால் குடம் போனது போனதுதான். இந்த விதியை எங்கே எழுதுவது? 'போடு' வினையிலா, குடத்திலா, கிணற்றடி அறையிலா? எதை நீக்கினால் இந்த விதிக்கு வேலையில்லாமல் போகுமோ, அதோடு விதியை ஒட்டிவைப்பது பொதுவாகச் சரிவரும். கிணறு இல்லாவிட்டால் இந்த விதியே இல்லை. குடத்துக்குப் பதில் சொம்பைப் போட்டாலும் விதி இதேதான். ஆகவே கிணற்றோடு ஒரு 'முன்விதி'யாக அதை எழுதலாம். வினையின் பொது ஃபங்ஷன் ஓடும் முன், தொடர்புடைய பொருள்களின் முன்விதிகளையும், அதன்பின் அறையின் முன்விதியையும் நிரல் கேட்க வேண்டும். யாராவது ஒருவர் "நான் பார்த்துக்கொண்டேன்" என்று விடை சொன்னால் பொது விதி ஓடாது. இந்த வரிசையை ஒரே ஓர் இடத்தில் எழுத வேண்டும். 'போடு' ஃபங்ஷனுக்குள் 'கிணறு' என்ற சொல் தலைகாட்டினால் கட்டமைப்பு ஒழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

நேரம் ஓடுவதற்கும் ஓர் இடம் வேண்டும். 'அட்வெஞ்சர்' விளக்கின் மின்கலம் 330 சுற்றுக்குத்தான் வரும். தொடக்கத்தில் விதிமுறைகளைக் காட்டச் சொல்லிக் கேட்டவர்களுக்கு மட்டும், புதியவர்கள் என்ற சலுகையில் 1000. இப்படிப்பட்ட கணக்குகளை ஒவ்வொரு வினைக்குள்ளும் குறைக்கப் போனால் எங்கோ விட்டுப்போகும். ஒரு சுற்று என்பது படி, புரிந்துகொள், விதியை ஓட்டு, கடிகாரத்தை நகர்த்து, திரையில் காட்டு என்று போக வேண்டும். புரியாத வாக்கியத்துக்கும் 'சேமி' போன்ற கட்டளைகளுக்கும் கடிகாரம் நகரக் கூடாது. எழுத்துப் பிழைக்காக விளக்கு அணைவது அநியாயம்.

கடைசி ஒழுங்கு, திரையைப் பற்றியது. விதி ஃபங்ஷன்கள் எதுவும் நேரடியாகத் திரையில் அச்சிடக் கூடாது. செய்தியைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவே. அச்சிடுவது முதன்மைச் சுற்றின் வேலை. இது வீண் ஆசாரம் போலத் தெரியும், சோதனை எழுதும் வரை. ஆட்டத்தை முதலிலிருந்து முடிவு வரை ஜெயிக்கும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, அதற்கு வந்த பதில்களை இன்னொரு கோப்பில் சேமித்துவைக்க வேண்டும். நிரலைத் தொடும் ஒவ்வொரு தடவையும் கட்டளைகளை மறுபடி ஓட்டி, பதில்களை ஒப்பிட்டால், ரேழியில் செய்த மாற்றம் கிணற்றடியில் எதை உடைத்தது என்று நொடியில் தெரிந்துவிடும். தற்செயலாக நடக்கும் சம்பவங்கள் இருந்தால் தற்செயல் எண்ணின் விதையைச் சோதனையில் நிலைநிறுத்திக்கொள்ள வேண்டும். ரேமண்டின் 'ஓப்பன் அட்வெஞ்சர்' இதற்கென்றே விதை எண்ணை அமைக்கும் ஒரு கட்டளையைச் சேர்த்து, குள்ளர்கள் கத்தி வீசும் அந்தக் குகையையும் கோப்புக் கோப்பாகச் சோதிக்கிறது.

எத்தனை கோப்புகளாகப் பிரிப்பது? தரவு ஒன்று, வாக்கியத்தைப் படிக்கும் பகுதி ஒன்று, நிலையும் விதிகளும் ஒன்று, முதன்மைச் சுற்று ஒன்று. ஆறு அறை வீட்டுக்கு இதற்கு மேல் ஆடம்பரம். விதிகள் ஆயிரம் வரியைத் தாண்டும்போது வினைகளைத் தனியாகவும் விதிவிலக்குகளைத் தனியாகவும் பிரித்துக்கொள்ளலாம். வேலையைச் சிறிதாகத் தொடங்குவது நல்லது: முதலில் இரண்டு அறை, ஒரு பொருள், சேமிப்பு, அது நன்றாக ஓடிய பிறகே மூன்றாவது அறை.

விளையாட்டை வெளியிட்ட பிறகு தலைதூக்கும் ஒரு சிக்கலை இப்போதே தடுத்துவிடலாம். சேமிப்புக் கோப்பில் விளையாட்டின் பதிப்பு எண்ணையும் எழுதிவைக்க வேண்டும். அறையின் தலைப்பை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். 'கொல்லை' என்ற உள் அடையாளத்தை மாற்றக் கூடாது, ஏனெனில் பழைய சேமிப்புகள் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மாற்றியே தீர வேண்டுமென்றால் பழைய அடையாளத்தையும் புதியதையும் இணைக்கும் சிறு பட்டியல் ஒன்றைத் தரவுக் கோப்பிலேயே வைத்து, சேமிப்பைத் திறக்கும்போது அதன் வழியாக மாற்றிக்கொள்ளலாம். அடுத்த பதிப்பில் புதிதாகச் சேர்த்த பொருள் பழைய சேமிப்பில் இருக்காது. அதற்குத் தரவிலுள்ள தொடக்க இடத்தையே கொடுத்துவிட்டால் ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.